படகில் ஏறாத உன் அக்கா

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை கல்பாக்கத்தில் உன் நிச்சயதார்த்தம் முடிந்து நீ நாவலூருக்குப் போய்விட்டாய், நான் கருங்குழிக்கு வந்துவிட்டேன். வந்த நாளிலிருந்து இந்தக் கடிதத்தை நான்கு தடவை தொடங்கிக் கிழித்துப் போட்டிருக்கிறேன். இதைப் போனில் சொன்னால் என்னம்மா என்று நீ கேட்பாய். போனில் நீ நடுவில் ஏதாவது கேட்பாய், நானும் வழக்கம்போல சாப்பிட்டாயா, சளி எப்படி இருக்கிறது என்று பேச்சை மாற்றிவிடுவேன். பேச்சை மாற்றுவதில் எனக்குப் பத்தொன்பது வருடப் பழக்கம். இப்போது அலுத்துவிட்டது. உடம்பு அலுப்பு என்றால் ஒரு தூக்கம் போட்டால் போய்விடும். இது ஒரு பொய்யைத் தினமும் காலையில் எழுந்ததும் காவல் காத்த அலுப்பு. இனி என்னால் முடியாது. நீ கோபப்படுவாய், ஒருவேளை என்னோடு பேசாமலும் இருப்பாய். கல்யாணத்துக்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டும் என்பதால் அந்தப் பயத்தோடுதான் எழுதுகிறேன்.

அன்றைக்குப் பெண்ணின் அம்மா தாம்பூலத் தட்டை வைத்துவிட்டுக் கேட்டார்களே, "மாப்பிள்ளைக்கு அக்கா தங்கச்சி யாரும் இல்லையா? நாத்தனார் முடிச்சு யாரு போடுவாங்க?" என்று. தாலியில் முதல் முடிச்சை நீ போட்டதும் மிச்சத்தைப் போடப் பின்னால் ஒருத்தி நிற்க வேண்டுமே, அதற்காகக் கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் தப்பில்லை. நீ சிரித்துக்கொண்டே, "கனவுல ஒரு அக்கா இருக்காங்க ஆன்ட்டி, அவங்களுக்கு ஒரு பத்திரிகை அனுப்பிடட்டுமா?" என்றாய். கூடம் முழுக்கச் சிரித்தது. உன் வருங்கால மாமனார் தொடையைத் தட்டிச் சிரித்தார். நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழுந்து அவர்கள் வீட்டுச் சமையலறைக்குப் போய், பாத்திரம் கழுவும் தொட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தேன். நீ வந்து, "இன்னாமா, பிரஷரா?" என்றாய். ஆமாம் என்றேன். அதுவும் பொய்.

தம்பி, அது கனவு இல்லை. உனக்கு ஒரு அக்கா உண்டு. பெயர் சுகிர்தா. நீ சுகிக்கா என்று கூப்பிடுவாய். நாம் கடல் கடந்து வந்த அன்றைக்கு அவளுக்கு ஒன்பது வயது, உனக்கு நாலரை. ஆமாம், கடல் கடந்து. உன் சான்றிதழில் பிறந்த ஊர் கருங்குழி என்று இருப்பது நான் எழுதிக் கொடுத்தது. நீ பிறந்தது மன்னார் பக்கத்தில். உன் அப்பாவும் நானும் ராமநாதபுரத்துக்காரர்கள் என்று உனக்குச் சொல்லி வளர்த்தேன். ராமநாதபுரத்தில் எனக்கு ஒரு தெருகூடத் தெரியாது.

நீ சின்ன வயதிலிருந்து என்னிடம் மூன்று கனவுகளைச் சொல்லிக்கொண்டிருந்தாய். முதலாவது, மண் வாசனை அடிக்கும் இருட்டுக்குள் யாரோ உன் காதைப் பொத்துவது. அது எங்கள் முற்றத்தில் இருந்த பதுங்கு குழி. உன் அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து ஆள் உயரத்துக்கு வெட்டி, மேலே பனங்குற்றியை அடுக்கி, அதற்கு மேல் மண் மூட்டை போட்டிருந்தார்கள். ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் நான் அடுப்பை அணைப்பதற்குள் சுகி உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே இறங்கிவிடுவாள். உன் காதில் பஞ்சு வைப்பாள். அப்புறம் பழைய ரப்பர் செருப்பு வாரில் ஒரு துண்டைக் கழுவி உன் பல்லுக்கு நடுவில் கொடுப்பாள். குண்டு பக்கத்தில் விழுந்தால் வாய் மூடியிருக்கக் கூடாது, காது போய்விடும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நீ அந்த ரப்பரை மென்றுகொண்டே தூங்கிப்போவாய். இன்றைக்கும் யோசிக்கும்போது பேனா மூடியைக் கடிக்கிறாய், ஆபீசில் எல்லோரும் கிண்டல் பண்ணுகிறார்கள் என்று சொன்னாயே, அது அந்த ரப்பர்தான்.

போர் என்றதும் எந்நேரமும் அழுதுகொண்டிருந்தோம் என்று நினைத்துவிடாதே. பிள்ளைகள் எதிலும் விளையாட்டைக் கண்டுபிடித்துவிடும். சத்தத்தை வைத்து எது ஹெலி, எது பொம்பர், எது தூரத்தில் விழும் ஷெல் என்று சுகி உனக்குப் பாடம் எடுப்பாள். சரியாகச் சொன்னால் சீனி போட்ட தேங்காய்ப்பூ ஒரு பிடி. நீ தேங்காய்ப்பூவுக்காக எல்லாவற்றையும் பொம்பர் என்பாய். "அம்மா, இவனுக்கு எல்லாம் பொம்பர்தான்!" என்று அவள் குழிக்குள்ளிருந்து கத்துவாள். மேலே விமானம் சுற்றும், கீழே நீங்கள் இரண்டு பேரும் அடித்துக்கொள்வீர்கள், எனக்குச் சிரிப்பும் வரும், பயமாகவும் இருக்கும்.

இரண்டாவது கனவு படகு. மூன்றாவது, யாருடைய கையையோ நீ பிடித்திருந்து விட்டுவிடுவது. அந்த மூன்றாவதைச் சொல்லும்போது மட்டும் நீ அழுவாய். நான்தான் விட்டேன், நான்தான் விட்டேன் என்பாய். அதைக் கடைசியாக எழுதலாம் என்று இருந்தேன். அப்படித் தள்ளித் தள்ளிப் போட்டுத்தான் இத்தனை வருடம் போனது. இப்போதே எழுதிவிடுகிறேன்.

பேசாலைக் கரையில் பொழுது சாயும் நேரம். எங்களோடு உன் அப்பாவின் தங்கையும் வந்திருந்தாள். இங்கே அத்தை என்பார்கள், நீ மாமி என்பாய். படகில் பத்துப் பேருக்கு இடம், கரையில் இருபது பேருக்கு மேல் நின்றோம். படகுக்காரர் முடிந்தவரை ஏற்றிவிட்டு, இத்தனை பேரோடு போனால் தாழும், வீட்டுக்கு ஒருவர் இரண்டு பேர் இறங்கி நாளைக்கு வரும் படகில் வாருங்கள் என்று சொன்னார். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சுகிதான் எழுந்தாள். "தம்பியைக் கொண்டு போங்கோ அம்மா. நான் மாமியோட நாளைக்கு வாறன்" என்றாள். ஒன்பது வயதுப் பிள்ளை. நான் இறங்கியிருக்கலாம். உன் அப்பா இறங்கியிருக்கலாம். நாளைக்குத்தானே என்று நினைத்தோம். ஒரு நாள்தானே. அவள் தண்ணீரில் இறங்கி நின்றாள், நீ படகின் விளிம்பில் குப்புறப் படுத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாய். விடவே மாட்டேன் என்றாய். படகுக்காரர் சத்தம் போட்டார். உன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது நான். கடைசி விரலைப் பிரிக்கும்போது நீ என் கையைக் கடித்தாய். நீ விடவில்லை, தம்பி. நீ ஒரு நாளும் விடவில்லை. உன் கையை எடுத்தது உன் அம்மா.

மறுநாள் படகு வரவில்லை. கரைக்குப் பக்கத்தில் கடற்படை சுட்டதால் நின்றவர்கள் எல்லாம் சிதறி ஓடிவிட்டார்கள் என்று, மூன்று வாரம் கழித்து நாங்கள் இருந்த மண்டபம் அகதி முகாமுக்கு வந்த ஒருவர் சொன்னார். மாமியும் சுகியும் ஒரு கோயில் முகாமை நோக்கி நடந்து போவதைத் தான் பார்த்ததாகவும் சொன்னார். அவ்வளவுதான் தெரிந்தது. கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் வெள்ளை அடிக்க ஆள் வேண்டும் என்று ஒரு பெயின்ட் கான்ட்ராக்டர் உன் அப்பாவைக் கூப்பிட, இந்தப் பக்கம் வந்தோம். வீடு தேடிய நேரம் சரியில்லாத நேரம். சிலோன்காரர் என்றால் யாரும் வாசலில்கூட நிற்க விடவில்லை. வீடு கொடுத்தால் போலீஸ் வந்து கேள்வி கேட்கும் என்று பயந்தார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன செய்வது. ஆறாவது வீட்டில் நான் வாயைத் திறந்து ராமநாதபுரம் என்று சொன்னேன். அந்த ஹவுஸ் ஓனர் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரி, வந்து இருந்துக்க. தண்ணி மட்டும் காலைல புட்ச்சி வச்சிக்கணும்" என்று சாவியைக் கொடுத்தார்.

அன்றைக்கே உன் வாயைத் திருத்தத் தொடங்கினேன். நீ ஆமாம் என்பதற்கு ஓம் என்றால் தலையில் ஒரு குட்டு. எங்கை என்றால் இன்னொன்று. தெருப் பிள்ளைகள் பேசுவதைக் கேட்டுவிட்டு வந்து நானே உனக்கு, இன்னா சொல்லு, வூடு சொல்லு, வந்துகினு கீறேன் சொல்லு என்று பாடம் எடுத்தேன். எனக்கே அது வராது. ஆறு மாதத்தில் நீ என்னைப் பார்த்து, "இன்னாமா பேஜாரு பண்ற" என்றாய். உன் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்குக் கூசுகிறது.

வாயைத் திருத்திவிட்டேன், உடம்பைத் திருத்த முடியவில்லை. பள்ளிக்கூட மைதானத்துக்கு மேலே ஒரு விமானம் தாழப் பறந்தபோது நீ மண்ணில் குப்புறப் படுத்துக் காதைப் பொத்திக்கொண்டாய். டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "இன்னாமா உன் புள்ள, ஏரோப்ளேன் போனா மண்ணுல படுத்துக்குது? அத்தப் பாத்து மொத்த கிளாஸும் படுக்குது. நான் பாடம் நடத்தறதா, எல்லாரையும் தூக்கி நிறுத்தறதா?" என்றார். நான் சிரித்து மழுப்பினேன். காய்ச்சல் வந்ததிலிருந்து இப்படித்தான் டீச்சர், ஏதேதோ கனவு காண்கிறான் என்றேன். வாயில் வந்த பொய் வசதியாக இருந்தது. அதையே பிடித்துக்கொண்டேன்.

உனக்கு ஏழு வயதானபோது மாமல்லபுரம் போனோமே, நினைவிருக்கிறதா? உன் அப்பாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தது. கோயிலைப் பார்த்தோம், வேர்க்கடலை வாங்கினோம். கல் கொத்தும் பட்டறைகளைத் தாண்டும்போது அந்தச் சத்தத்துக்கே நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாய். மணலுக்குப் போனதும் கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு மீன்பிடிப் படகுக்குள் ஏறி, அடியில் உட்கார்ந்து, முழங்காலுக்கு நடுவில் தலையைச் செருகிக்கொண்டாய். அன்றைக்குப் படகுக்காரர் எல்லோரையும் உட்காரச் சொன்ன அதே மாதிரி. வலை பிரித்துக்கொண்டிருந்தவர், "இன்னா தம்பி, பயந்துகினு கீற? போட்டு கரையில தான கீது" என்று சிரித்தார். நீ தலையைத் தூக்காமல் சொன்னாய், "இருங்க, எங்கக்கா இன்னும் ஏறல. அவ ஏறட்டும், அப்புறம் எடுங்க." சிரித்துக்கொண்டிருந்த அந்த மனிதர் என் முகத்தைப் பார்த்தார். அவர் எதையாவது கேட்டுவிடப் போகிறார் என்ற பயத்தில் உன்னை இழுத்துக் கீழே போட்டு அறைந்தேன். உனக்கு அக்காவே கிடையாது, நீ காய்ச்சலில் கண்ட கனவு அது, இன்னொரு தடவை சொன்னால் நாக்கில் சூடு போடுவேன் என்றேன். நீ அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். அப்புறம் உன் அப்பாவிடம் போய், "கனவாப்பா?" என்று கேட்டாய். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நீ அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாய். அன்றிலிருந்து நீ அக்கா என்று சொல்லவில்லை, கனவு என்று மட்டும் சொன்னாய்.

உனக்கு நாளைக்கு ஒரு பிள்ளை பிறந்து, நான் ஒன்றைப் பார்த்தேன் என்று வந்து சொன்னால், இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதே. தெரியாது என்று சொல், இப்போது சொல்ல முடியாது என்று சொல், அழுதுகூடச் சொல். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று பெற்றவளே சொன்னால் பிள்ளைக்கு அப்புறம் தன் கண்ணையே நம்ப முடியாது. நீ பூட்டிய கதவைத் திரும்பத் திரும்பப் போய் இழுத்துப் பார்க்கிறாய். உனக்கு வரப் போகிறவள் அதைப் பார்த்துச் சிரித்தால், அது என் அம்மா கொடுத்தது என்று சொல்லிவிடு.

இதோடு முடிந்திருந்தால் நான் என்னை மன்னித்துக்கூட இருப்பேன். உயிர் பயம், வீட்டு பயம் என்று ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பேன். இன்னும் ஒன்று இருக்கிறது. உன் அப்பாவுக்குக்கூடத் தெரியாது. நாலு வருடம் முன்னால் அவரைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார். நான் எழுந்து அவருக்குக் கஞ்சி வாங்கப் போய்விட்டேன்.

மாமல்லபுரத்தில் நீ படகில் உட்கார்ந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய வருடம், ஒரு பகல் நேரம். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். ஹவுஸ் ஓனர் அம்மா தபால்காரரோடு வந்து, "இன்னாமா, சிலோன் ஸ்டாம்ப் ஒட்டிக்கினு ஒரு லெட்டர் வந்துகீது. உன் வூட்டுக்காரர் பேரு போட்டுகீது" என்று நீட்டினார். அங்கே யாருக்கும் இந்த விலாசத்தைக் கொடுக்கக் கூடாது என்று உன் அப்பாவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அவர் எனக்குத் தெரியாமல் மாமிக்கு எழுதியிருக்கிறார். கடிதத்தைக் கையில் வாங்கினேன். விலாசம் சுகியின் எழுத்தில் இருந்தது. அவள் எழுதினால் வரி நேராகப் போகாது, மேலே ஏறிக்கொண்டே போகும். ஸ்லேட்டில் எழுதிய காலத்திலிருந்து நான் அதற்குத் திட்டியிருக்கிறேன். இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அந்த ஆறு வீடுகளும் கண்ணுக்கு முன்னால் வந்தன. நான் சொன்னேன், "எங்களுக்கு அங்க யாரும் இல்லம்மா. பேர் ஒண்ணா இருக்கும். இது எங்களுக்கு வந்தது இல்ல." தபால்காரர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அதன் மேல் ஏதோ எழுதி, மற்றக் கடிதங்களுக்கு நடுவில் செருகிக்கொண்டு சைக்கிளில் ஏறினார். நான் மறுபடி அரிசி புடைத்தேன்.

உன் அப்பா வேலையிலிருந்து வந்து சைக்கிளை நிறுத்தும்போதே, "தபால் ஏதும் வந்ததோ?" என்று கேட்பார். இல்லை என்பேன். வருடக்கணக்காகக் கேட்டார். இன்னொரு கடிதம் போட்டேன் என்று ஒரு நாள் அவராகவே ஒப்புக்கொண்டார், அதற்கும் பதில் இல்லை. அந்தக் கோயில் முகாமும் இடம் பெயர்ந்துவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டோம். அவர் எழுதின காரியத்துக்கு நான் அவரைத் திட்டவும் செய்தேன்.

அவர் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்றைக்கு ஹவுஸ் ஓனர் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, அம்மா, நாங்கள் ராமநாதபுரம் இல்லை என்றேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அடப் போம்மா. நாங்க இன்னா காதுல பஞ்ச வச்சிகினா கீறோம்? நீ வாயத் தொறந்த அன்னிக்கே தெரியும், சிலோன்னு. புள்ளயக் கையில புட்ச்சிகினு நிக்கிறவள எப்படித் தொரத்துறது" என்றார். அப்படியானால் அந்தக் கடிதம் என்று ஆரம்பித்தேன். "ஏதோ ஒறவுக்காரங்க தொல்லைனு திருப்பி அனுப்பிட்டன்னு நெனச்சிகினேன். யாரு எழுதினது?" என்று கேட்டார். பதினைந்து வருடம் நான் யாருக்குப் பயந்து ஒளித்தேனோ, அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

இந்த வருடம் அங்கே போர் முடிந்துவிட்டது என்று டி.வி.யில் சொன்னார்கள். முள்கம்பிக்குப் பின்னால் சனங்களைக் காட்டுகிறார்கள். சுகி இருந்தால் அவளுக்கு இருபத்தெட்டு வயது. அந்த வயதில் எத்தனை முகம் தெரிகிறது தெரியுமா? ஒவ்வொன்றும் அவளாக இருக்கலாம் என்று நெருங்கிப் போய் உட்கார்ந்து பார்க்கிறேன், அதற்குள் படத்தை மாற்றிவிடுகிறார்கள். உயிரோடு இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. இல்லை என்றும் எனக்கு யாரும் சொல்லவில்லை. காணாமல் போனவர்களைத் தேடித் தருகிற இடங்கள் இருக்கின்றனவாம். கம்ப்யூட்டரில் பெயர் போட்டுப் பார்க்கலாமாம். எனக்கு அது எதுவும் தெரியாது, உனக்குத் தெரியும். கல்யாணத்தைத் தள்ளிப் போடச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு நடத்து. அவர்கள் வீட்டில் ஏதாவது சொன்னால் நானே வந்து பேசுகிறேன். அதற்கப்புறம் தேடு. என்னோடு பேசாமல் தேடினாலும் சரி, தேடு.

அவள் கிடைத்தால், உன்னைக் கட்டிப்பிடித்து அழுது முடித்ததும், அந்தக் கடிதம் ஏன் திரும்பி வந்தது என்று கேட்பாள். அவளாகக் கேட்காவிட்டால் நீயே சொல். விலாசம் தப்பு, வீடு மாறிவிட்டோம், தபால்காரர் கவனிக்கவில்லை என்று எனக்காக எதையும் சொல்லாதே. நீ இரக்கப்பட்டு அப்படிச் சொல்லிவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். அம்மா அன்றைக்கு வீட்டில்தான் இருந்தாள், கையில் வாங்கிப் பார்த்தாள், உன் எழுத்து என்று தெரிந்துதான் திருப்பிக் கொடுத்தாள் என்று சொல்.

உங்கள் இரண்டு பேருக்கும்
அம்மா